பிரிவா, பின்னிலமா? திருகோணமலையில் ஆய்வுப் பிரதேசம் தெரிவு செய்யப் போகிறவர்களுக்கு

திருகோணமலை பஸ் நிலையத்தில் மூதூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒருவரிடம் எங்கே வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "திருகோணமலைக்கு ஒரு அலுவலா வந்தன், இனி ஊருக்குப் போகணும்" என்பார். அவருடைய ஊரும் திருகோணமலை மாவட்டம்தான். வாக்காளர் இடாப்பும் அப்படித்தான் சொல்கிறது, மாவட்டச் செயலகமான கச்சேரியும் அப்படித்தான் சொல்கிறது. திருகோணமலையில் இருந்துகொண்டே அவர் திருகோணமலைக்கு வந்து போகிறார். இதில் பிழை ஒன்றுமில்லை. ஒரே பெயரில் இரண்டு பிரதேசங்கள் இருக்கின்றன. ஒன்று அரசாங்கம் கோடு போட்டுப் பிரித்தது. மற்றது அவரைப் போன்றவர்கள் போய் வந்து, வாங்கி விற்று, படித்து, மருந்தெடுத்து உண்டாக்கியது.

புவியியலில் முதலாவதை நிர்வாகப் பிரதேசம் என்கிறோம், இரண்டாவதைத் தொழிற்பாட்டுப் பிரதேசம் என்கிறோம். ஒரு நகரத்தைச் சுற்றி இப்படி உண்டானதுதான் அந்த நகரத்தின் பின்னிலம். ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்கள் சிலர், "சேர், எந்தப் பிரதேசத்தை எடுக்கலாம்?" என்று கேட்டு என்னிடம் வருவார்கள். கேட்கும்போதே அநேகமானோர் ஒரு பிரதேச செயலகப் பிரிவை மனதில் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அந்த முடிவை ஒரு தடவை மீட்டுப் பார்க்கச் செய்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்முடைய மாவட்டத்தில் ஆய்வு செய்கிறவர்கள் நிர்வாகப் பிரிவை அளவுக்கு மிஞ்சி நம்புகிறார்கள். நானும் அப்படி நம்பி ஒரு வருட உழைப்பைப் பாதியாக்கியவன்.

எனது இளமாணி ஆய்வு மூதூரில் நடந்தது. சாமான் வாங்கவும் வைத்தியத்துக்கும் மக்கள் எங்கே போகிறார்கள் என்பது தலைப்பு. ஆய்வுப் பிரதேசம் மூதூர் பிரதேச செயலகப் பிரிவு. வினாக்கொத்தின் முதல் கேள்வி, எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு என்பது. ஒரு நாள் காலை மூதூர்க் கடைத்தெருவில் நின்று ஆட்களை மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்தார். ஒரு கையில் சீலைப் பை, மறு கையில் பேரப்பிள்ளை. ஊர் ஈச்சிலம்பற்று என்றார். அது வெருகல் பிரிவு. "அம்மா, நீங்க என்ட ஆய்வுக்குள்ள வர மாட்டீங்க" என்று தாளை மடித்தேன். "ஏன் தம்பி, நான் இங்கதானே சாமான் வாங்குறன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று காலை அப்படி மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். சந்தைக்கு யார் வருகிறார்கள் என்று அறிய வந்தவன், சந்தைக்கு வந்தவர்களையே விலக்கிக்கொண்டிருந்தேன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் வரைந்த படத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், மூதூர்ச் சந்தையின் செல்வாக்கு எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பிரிவு எல்லையில் வந்து நின்றது என்று கேட்டபோதுதான் விளங்கியது. அந்தச் செல்வாக்கை அங்கே நிறுத்தியது என்னுடைய மாதிரியெடுப்பு.

கோடு போட்ட பிரதேசம்

நிர்வாகப் பிரதேசத்தின் பலம் எளிதானது. எல்லை சட்டத்தில் இருக்கிறது, ஆகவே யாரும் அதை மறுக்க முடியாது. ஒரு இடம் ஒரே நேரத்தில் இரண்டு பிரிவுகளுக்குள் இருக்காது, எந்தப் பிரிவிலும் அடங்காத இடமும் இல்லை. 2,727 சதுர கிலோமீற்றர் கொண்ட நம் மாவட்டம் 11 பிரதேச செயலகப் பிரிவுகளாகவும் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளாகவும் மிச்சமில்லாமல் பிரிந்து கிடக்கிறது. கணக்கெடுப்பு, நலன்புரிப் பட்டியல், வீட்டுத் திட்டம், நிவாரணம் எல்லாம் இந்தப் பெட்டிகளுக்குள்தான் வருகின்றன. கச்சேரியில் புள்ளிவிபரக் கையேட்டைக் கேட்டு வாங்கினால் பாதி அட்டவணை தயார்.

ஆனால் "நிர்வாகப் பிரதேசம்" என்று ஒருமையில் சொல்வதே கொஞ்சம் ஏமாற்றும். கல்வி வலயத்தின் எல்லை வேறு, சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின் எல்லை வேறு, பொலிஸ் பிரிவு வேறு, கமநல சேவை நிலையத்தின் எல்லை வேறு. தேர்தல் வந்தால் இதே மாவட்டம் திருகோணமலை, மூதூர், சேருவில என்று மூன்று தொகுதிகள். மூதூர்த் தொகுதியும் மூதூர் பிரதேச செயலகப் பிரிவும் ஒன்றென்று நினைத்து வாக்கையும் வறுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஆய்வேடுகளை நான் வாசித்திருக்கிறேன். பெயர் ஒன்று, பரப்பு வேறு. ஆகவே எந்த நிர்வாகத்தின் எல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று, இந்தக் கோடுகள் அசையாதவை என்ற எண்ணம். பழைய காலத்தில் இந்த மாவட்டம் பற்றுகளாக இருந்தது: கொட்டியாரப் பற்று, தம்பலகாமப் பற்று, கட்டுக்குளப் பற்று, அதோடு பட்டினமும் சூழலும். பிறகு உதவி அரசாங்க அதிபர் பிரிவுகள் வந்தன. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரதேச செயலாளர்கள் வந்தார்கள். மாகாணமும் அப்படித்தான். 1833இல் கிழக்கு மாகாணம் உண்டானது, 1988இல் வடக்கோடு இணைந்தது, 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, 2007 தொடக்கம் மறுபடி தனி மாகாணம். இத்தனைக்கும் இடையில் நெல்லுக் களத்தில் எதுவும் இடம் மாறவில்லை. நீண்ட காலப் போக்கை ஆராயப் போகிறவர் கவனிக்க வேண்டியது இதுதான். 1981இல் மாவட்டத்தில் 255,948 பேர். 2012இல் ஏறக்குறைய 380,000 பேர். இடையில் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இங்கே முழுமையாக நடக்கவில்லை. மாவட்ட மட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடலாம். இன்றைய பிரதேச செயலகப் பிரிவுகளின் எல்லைக்குள் 1981ஐத் தேடினால், கிராமம் கிராமமாகக் கூட்டித்தான் எடுக்க வேண்டும்.

நிர்வாக எல்லையின் ஆழமான சிக்கல் வேறொன்று. ஸ்டான் ஓப்பன்ஷோ, பீட்டர் டெயிலர் என்ற புவியியலாளர்கள் 1979இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அங்கே 99 கவுண்டிகள், அதாவது மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பிரிவுகள். முதியோர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சிக்கு விழும் வாக்கு விகிதத்துக்கும் என்ன தொடர்பு என்று பார்த்தார்கள். அதே 99 கவுண்டிகளை வேறு வேறு விதமாகச் சேர்த்துப் பெரிய பிரதேசங்கள் ஆக்கிப் பார்க்க, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் இணைபுக் குணகம் கடும் எதிர்மறையிலிருந்து ஏறக்குறைய முழு நேர்மறை வரை போய் வந்தது. மக்கள் அதே மக்கள். கோடு மட்டும் மாறியது. பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தில் 11 புள்ளிகளை வைத்து ஒரு தொடர்பைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதும் மாணவர் யாராக இருந்தாலும், கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்திலும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

போய் வந்து உண்டான பிரதேசம்

தொழிற்பாட்டுப் பிரதேசத்துக்கு ஒரு மையம் வேண்டும், அந்த மையத்தைச் சுற்றி ஓட்டம் வேண்டும். ஆட்கள், பொருட்கள், பணம், தண்ணீர், செய்தி, எது ஓடினாலும் சரி. மையத்தில் பிடிப்பு இறுக்கம், தூரம் போகப் போகத் தளர்ச்சி, இன்னொரு மையத்தின் பிடிக்குள் போகும் இடத்தில் எல்லை. ஒரே மாதிரி மண், ஒரே மாதிரிப் பயிர் என்று ஒத்த தன்மையால் பிரிக்கும் ஒருசீர்ப் பிரதேசத்திலிருந்து இது வேறானது. 1954இல் டெர்வென்ட் விட்டில்சி இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து எழுதினார். அதற்கு முன்பே, 1933இல், வால்டர் கிறிஸ்டலர் தென் ஜேர்மனியின் நகரங்களை வைத்து, ஒவ்வொரு நகரத்தின் சேவைப் பரப்பையும் அறுகோணமாகப் பார்க்கும் மைய இடக் கோட்பாட்டைச் சொல்லியிருந்தார். உயர்தர வகுப்பில் அறுகோணம் வரைந்த எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும்.

திருகோணமலைக்கு அறுகோணம் சரிவராது. நடுவில் கொட்டியாரக் குடா கிடக்கிறது. கிறிஸ்டலர் எடுத்துக்கொண்ட சமதளத்தில் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிப் போகலாம். இங்கே மூதூரும் திருகோணமலையும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் இடங்கள். லோஞ்சில் குடாவைக் குறுக்காகக் கடப்பது ஒரு தூரம், வீதியால் சுற்றி வருவது முற்றிலும் வேறு தூரம். இரண்டு நகரங்களின் சந்தைகள் எங்கே பிரிகின்றன என்று கணிக்கக் கொன்வேர்ஸ் 1949இல் சொன்ன பிரிகோட்டுச் சூத்திரத்தையும் இதே கவனத்தோடுதான் பாவிக்க வேண்டும். 40 கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு நகரங்கள், ஒன்று மற்றதைப் போல் நான்கு மடங்கு பெரிது என்று வைத்துக்கொள்வோம். பெரிய நகரத்திலிருந்து ஏறக்குறைய 27 கிலோமீற்றரில் எல்லை விழும் என்று சூத்திரம் சொல்லும். ஏ6 வீதியில் திருகோணமலைக்கும் கந்தளாய்க்கும் நடுவே அதைப் போட்டுப் பார்க்கலாம், தொடக்கப் புள்ளியாக உதவும். மூதூர்ப் பக்கம் போட்டால், முதலில் எந்தத் தூரம் என்று முடிவு செய்ய வேண்டும்.

சூத்திரத்தைவிட எனக்குப் பிடித்த முறை பஸ். பிரித்தானியாவில் எவ். எச். டபிள்யூ. கிறீன் 1950இல் வெளியிட்ட ஆய்வில், பஸ் சேவைகளை வைத்தே நகரங்களின் பின்னிலங்களை வரைந்தார். எந்தக் கிராமத்தின் பஸ்கள் எந்த நகரத்தில் போய் முடிகின்றன, அதுதான் கேள்வி. இது நமக்கு மிகவும் பொருந்தும். யார் எங்கிருந்து எங்கே வேலைக்குப் போகிறார் என்ற அட்டவணை நம் மாவட்டப் புள்ளிவிபரக் கையேட்டில் வராது. ஆனால் பஸ் நிலையத்தில் நேரசூசி இருக்கும். அது இல்லாவிட்டாலும் நேரக்காப்பாளர் இருப்பார், ஒரு தேநீரோடு எல்லாம் சொல்லுவார். 1961இல் நிஸ்டுவனும் டேசியும் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் தொலைபேசி அழைப்புகளை வைத்துச் செய்ததும் இதே தர்க்கம்தான்: ஒவ்வொரு ஊரிலிருந்தும் மிக அதிகமான அழைப்பு எங்கே போகிறது, அந்த இடம் இந்த ஊரைவிடப் பெரிதா சிறிதா. பெரிதென்றால் இந்த ஊர் அதற்குக் கீழ்ப்பட்டது. சிறிதென்றால் இந்த ஊரே ஒரு மையம். கணினி கூட வேண்டாம், ஒரு கொப்பித் தாள் போதும்.

இந்த வழியின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. எல்லை எங்கே என்று முடிவு செய்வது ஆய்வாளர்தான். எத்தனை வீதம் பேர் மையத்துக்கு வந்தால் அந்தக் கிராமம் உள்ளே? ஐரோப்பிய ஒன்றியமும், பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பான ஓஈசிடியும் (OECD) சேர்ந்து வகுத்த நகரத் தொழிற்பாட்டுப் பிரதேசத்தில் வேலைக்குப் போகிறவர்களில் 15 வீதம் போதும். அமெரிக்காவின் மாநகரப் பிரதேச வரையறையில் 25 வீதம். பிரித்தானியாவின் வேலைப் பயணப் பிரதேசங்களில் அளவுகோலே வேறு: அங்கே குடியிருந்து வேலை செய்கிறவர்களில் 75 வீதம் பேர் அதற்குள்ளேயே வேலை செய்ய வேண்டும், அங்கே வேலை செய்கிறவர்களில் 75 வீதம் பேர் அதற்குள்ளேயே குடியிருக்கவும் வேண்டும். பெரிய இடங்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. 2011 கணக்கெடுப்பை வைத்து அங்கே 228 பிரதேசங்கள் வந்தன. மூன்று தரப்பாரும் ஒரே விஷயத்துக்கு மூன்று கோடு போட்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் விதியை எழுதிவைத்து, அதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் படம் எவ்வளவு மாறுகிறது என்றும் காட்ட வேண்டும். அதைக் காட்டாத தொழிற்பாட்டுப் பிரதேசம், கச்சேரிக் கோட்டைவிட நம்பத் தகுந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றன் மேல் ஒன்று படிவதும் இந்தப் பிரதேசங்களின் இயல்பு. கந்தளாய்க்காரர் ஒருவருக்குச் சாமான் வாங்கக் கந்தளாய், அலுவலுக்குத் திருகோணமலை, சிலவேளை வைத்தியத்துக்குப் பொலன்னறுவை அல்லது கண்டி. அவர் எந்தப் பிரதேசத்தைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்தத் தொழிற்பாடு என்று முதலில் கேட்க வேண்டும்.

பாலம் வந்த பிறகு

இரண்டு பிரதேசங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் காண வேண்டுமென்றால் கிண்ணியாப் பாலத்தில் போய் நில்லுங்கள்.

பாலம் வருவதற்கு முன் அங்கே "பாதை" ஓடியது. வெளியூர் வாசகருக்கு: பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. கரையில் வரிசையாக நிற்க வேண்டும். சைக்கிள், மீன் பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாரன் மடித்துக் கட்டிய வியாபாரிகள், எல்லோரும் ஒரே பலகையில். மழைக்காலத்தில் நீர் பெருகினால் காத்திருப்பு நீளும். சின்ன வயதில் அந்தப் பாதையில் போன எவருக்கும் ஈரப் பலகையின் வாசனை மறக்காது. நேரத்தோடு வீட்டுக்குத் திரும்ப முடியுமா என்ற கணக்கை வைத்துத்தான் ஆட்கள் திருகோணமலைக்குப் புறப்படுவார்கள். இரவில் சுகமில்லாத ஒருவரைக் கொண்டு போவது என்றால் அது ஒரு பெரிய காரியம்.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. அப்போது நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். அடுத்த சில வருடங்களில் ஏ15 வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்தன. திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் பாதை ஏறாமல் போகலாம் என்றாயிற்று.

இப்போது வரைபடத்தை விரியுங்கள். 2008இல் கிண்ணியா பிரதேச செயலகப் பிரிவு எங்கே இருந்ததோ அங்கேதான் 2012இலும் இருக்கிறது. நிர்வாகப் படத்தில் அந்தப் பாலம் தெரியவே தெரியாது. தொழிற்பாட்டுப் படத்தில் அதைவிடப் பெரிய நிகழ்வு அந்தப் பக்கத்தில் வேறில்லை. கிண்ணியாக் கடைத்தெருவுக்கும் திருகோணமலைக் கடைத்தெருவுக்கும் உள்ள உறவு, மூதூர் லோஞ்சில் போகிறவர்கள், தனியார் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள், வீட்டு வாடகை, எல்லாவற்றுக்கும் ஒரு முன்னும் ஒரு பின்னும் உண்டாகிவிட்டது. உங்கள் ஆய்வு 2009ஐத் தாண்டிப் போகிறதென்றால், கிண்ணியாப் பிரிவின் எண்களை வருடம் வருடமாக அடுக்கிவிட்டு மாற்றத்தின் காரணத்தைப் பிரிவுக்குள்ளே தேடாதீர்கள். காரணம் நீருக்கு மேலே நிற்கிறது.

தண்ணீர் வரும் வழி

ஆட்களின் ஓட்டத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின் ஓட்டத்தைப் பார்த்தால் நிர்வாக எல்லை இன்னும் வலுவிழக்கும். தம்பலகாமத்தின் நெல்வயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பலகாமம் ஒரு பிரதேச செயலகப் பிரிவு, ஆகவே "தம்பலகாமப் பிரிவில் நெற்செய்கையின் பிரச்சினைகள்" என்று தலைப்பு வைக்க மிக வசதி. ஆனால் வயலுக்கு வரும் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது, அது வேறு பிரிவு. வாய்க்காலின் கடைசியில் இருக்கிற விவசாயிக்கு எப்போது தண்ணீர் எட்டும் என்பது, மேலே எவ்வளவு திறந்துவிட்டார்கள், இடையில் எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

கந்தளாயோடும் கதை முடியாது. மகாவலி நீர் கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் 1976 தொடக்கம் திருப்பப்பட்டு அம்பன் கங்கைக்குப் போகிறது. அங்கிருந்து எலகெர அணைக்கட்டு, யோத எல என்ற கால்வாய் வழியாக மின்னேரியா, பிறகு இந்தப் பக்கம் கந்தளாய். தம்பலகாமத்து வரப்பில் நிற்கும் ஒருவரின் போகம், பொலன்னறுவை, மாத்தளை மாவட்டங்களைத் தாண்டிக் கண்டியில் இருக்கிற ஒரு மதகோடு கட்டப்பட்டிருக்கிறது. திருகோணமலை நகரத்துக் குழாய் நீருக்கும் கந்தளாய்தான் ஊற்று. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அந்தக் குளத்தின் கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். வெள்ள அபாயத்தை ஆராய்கிறவர் கட்டுக்குக் கீழே நீர் போகும் வழி முழுவதையும் ஒரே பிரதேசமாக எடுத்தே ஆக வேண்டும்.

கடலும் அப்படித்தான், கூடவே அதற்குப் பருவமும் உண்டு. மேற்குக் கரையில் தென்மேல் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் நம் மாவட்டத்தின் வடக்குக் கரைக்கு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தொழில் செய்வார்கள். அந்த மாதங்களில் குச்சவெளி, புல்மோட்டைக் கரையின் தொழிற்பாட்டுப் பிரதேசம் நாட்டின் மறுகரை வரை நீள்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் சுருங்கிவிடுகிறது. எந்த மாதத்தில் களத்துக்குப் போனீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் பிரதேசமே வேறாகிவிடும். நிர்வாக எல்லைக்குப் பருவம் தெரியாது.

விளிம்பில் இருக்கிற பிரிவுகளில் இந்த இழுபறி அதிகம். பதவிசிறிபுர அநுராதபுர மாவட்டத்துப் பதவியாவோடு ஒட்டிக் கிடக்கிறது. புல்மோட்டைக்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பு, அதற்கு அப்பால் முல்லைத்தீவு. வெருகலுக்குத் தெற்கே ஆறு, ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம். வெருகல் முருகன் கோவில் திருவிழாவுக்கு இரண்டு மாவட்டத்திலிருந்தும் சனம் நடந்து வரும். அந்த யாத்திரைப் பிரதேசத்தை இதுவரை ஒரு மாணவரும் என்னிடம் தலைப்பாகக் கொண்டு வந்ததில்லை. யாராவது கொண்டு வந்தால் சந்தோஷப்படுவேன்.

அப்போ எதை எடுப்பது?

அரசாங்கம் செய்கிற, செய்யத் தவறுகிற ஒன்றைப் பற்றிய கேள்வி என்றால் தயங்காமல் நிர்வாகப் பிரிவை எடுங்கள். நலன்புரிக் கொடுப்பனவு சரியான வீடுகளுக்குப் போகிறதா, ஆசிரியர் பகிர்வு நியாயமாக இருக்கிறதா, வாக்காளர் பதிவில் யார் விடுபடுகிறார்கள் என்பவற்றுக்கெல்லாம் அந்தக் கோடுதான் விஷயம். எல்லையின் இந்தப் பக்கம் ஒரு அதிகாரி, அந்தப் பக்கம் வேறொரு அதிகாரி. அங்கே தொழிற்பாட்டுப் பிரதேசம் தேடி அலைவது வீண் வேலை.

மக்கள் தாங்களாகத் தெரிவு செய்து செய்கிற ஒன்றைப் பற்றிய கேள்வி என்றால் தொழிற்பாட்டுப் பிரதேசம். சந்தை, தனியார் வைத்தியம், வேலைப் பயணம், டியூஷன், யாத்திரை, மீன் வியாபாரம் எல்லாம் இதற்குள் வரும்.

இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் கேள்விகள்தான் கடினம், அவைதான் நல்ல ஆய்வும் ஆகும். டெங்குவை எடுங்கள். 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்ட நோயாளர்கள் பதிவானார்கள், கிண்ணியா மிகவும் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. புகை அடிப்பதும் வளவுகளைப் பரிசோதிப்பதும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்குள் நடப்பவை. நோயாளர் எண்ணிக்கையை வீதமாக்கக் குடித்தொகையும் அந்தப் பிரிவுக்குத்தான் கிடைக்கும். ஆகவே அளவிடவும் கட்டுப்படுத்தவும் நிர்வாக எல்லை வேண்டும். ஆனால் டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பகலில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, தகப்பன் திருகோணமலையில் கடையில் நிற்கிறார். வீட்டு விலாசத்தை வைத்து வரைந்த படம் கடி எங்கே பட்டது என்பதைச் சொல்லாது. இப்படியான கேள்விக்கு இரண்டு படமும் வரைந்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையே ஆய்வின் முடிவாக எழுதலாம்.

ஆறு மாதத்தில் ஒரு இளமாணி ஆய்வை முடிக்க வேண்டியவருக்கு நான் சொல்லிக்கொடுக்கிற வழி ஒன்று உண்டு. கிராம உத்தியோகத்தர் பிரிவைச் செங்கல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்பாட்டுப் பிரதேசத்தை அந்தச் செங்கற்களால் கட்டுங்கள். மூதூர்ச் சந்தையை எடுத்தால், மூதூர், சேருவில, வெருகல் பிரிவுகளின் கிராமங்களில் எவற்றிலிருந்து அதிகமானோர் மூதூருக்கு வருகிறார்கள் என்று பார்த்து, மாவட்டத்தின் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் உங்களுக்குரியவற்றை மட்டும் நிறம் தீட்டுங்கள். பழைய ஆட்கள் கொட்டியாரம் என்று இன்றைக்கும் சொல்லும் பரப்புக்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒன்று படத்தில் எழும்பி வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். இப்படிக் கட்டினால் குடித்தொகை, வயது, தொழில் என்ற அரசாங்கத் தரவுகளும் கையில் இருக்கும், மக்களின் ஓட்டமும் தெரியும். கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள்ளேயே இரண்டாகப் பிரியும் இடங்கள் வரும். அந்த இடங்களுக்கு நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் ஒரு களப்போ ஆறோ கிடக்கும்.

செலவைப் பார்த்தால், நிர்வாகப் பிரிவை எடுத்தவருக்குக் கச்சேரிக்கு இரண்டு தரம் போய் வந்தால் அடிப்படைத் தரவு சேர்ந்துவிடும். செங்கல் கட்டுகிறவருக்கு அதோடு இரண்டு கிழமைக் களவேலை கூடும். அதில் நாலைந்து நாள் பஸ் நிலையத்திலும் மூதூர் இறங்குதுறையிலும் நிற்க வேண்டி வரும். வெள்ளிக்கிழமையை மட்டும் வைத்து எண்ணாதீர்கள், ஜும்ஆ நேரத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் போக்குவரத்து வேறாக இருக்கும். பள்ளிக்கூட விடுமுறையிலும் வேண்டாம். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதத்தில் ஒரு தரமும், அது இல்லாத மாதத்தில் ஒரு தரமும் எண்ண முடிந்தால் மிக நல்லது.

வினாக்கொத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். ஊர், பிரிவு எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஆளை மறித்தவுடன் கேட்க வேண்டியது, "எங்க போறீங்க, என்னத்துக்குப் போறீங்க, வேற எங்கயாவது போயிருக்கலாமா?" அப்புறம் ஈச்சிலம்பற்று என்று ஒருவர் சொன்னால், அதையும் எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போகலாம்.